சோழகத்துச் சனிக்கிழமைகள்

எங்கள் கந்தோரை, அந்தச் சட்ட அலுவலகத்தை, இப்போது நடத்துபவர் ஓர் இளம் சட்டத்தரணி. முன்பு நடத்திய பெரிய சட்டத்தரணி அம்மாவுக்குக் கண் பார்வை மங்கி, அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் கோப்புகள் எல்லாம் இவர் கைக்கு வந்தன. எனக்கும் முழங்கால் பழுதாகி, சைக்கிள் மிதிக்க முடியாமல் வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. போன மாதம் இவர் என் வீடு தேடி வந்தார். கையில் ஒரு பழைய கோப்பு இருந்தது.

"அண்ணை, உதிலை 'இடம் ராசன் பார்த்தது' எண்டு அம்மா பென்சிலாலை எழுதியிருக்கிறா. இன்னும் கன கோப்பிலை கிடக்கு. என்ன பாத்தனீங்கள்?"

"இடந்தான் மிஸ்."

"அதைத்தான் கேக்கிறன். நாங்கள் இப்ப போனிலை மாப்பைத் திறந்து, தாய் வீட்டுக்கும் தகப்பன் வீட்டுக்கும் நடுவிலை ஒரு புள்ளி குத்துறம். போன கிழமை நான் குத்தின புள்ளி போய் நிண்டது ஒரு சாராயக் கடை வாசலிலை."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. இடம் பார்த்த கதையைச் சொல்வதென்றால், நான் வாய் திறக்காமல் இருந்த கதையையும் சொல்லியாக வேண்டும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் தொண்டைமானாற்றில் பிறந்தவன். அப்புவுக்குக் கடல் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சில காலம் அவரோடு வலை இழுத்தேன். கடலுக்குப் போக முடியாத வருடங்கள் வந்தபோது யாழ்ப்பாணத்துக்கு வந்து, நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு தேநீர்க் கடையில் வேலைக்கு நின்றேன். வழக்குக்காரர் தேநீர் குடித்தபடி கதைப்பதெல்லாம் என் காதில் விழும். நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. காரணம் கூச்சம். அம்மா அதை ஒழுக்கம் என்று நினைத்து, என்னைத் தன் கந்தோருக்கு எடுத்தார்.

அம்மா என்று நாங்கள் சொல்வது அந்தப் பெரிய சட்டத்தரணியைத்தான். விவாகரத்து, தாபரிப்புப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, இவைதான் அவர் எடுக்கும் வழக்குகள். மெலிந்த ஆள், குரல் மட்டும் பெரியது. அவருடைய அறைக்குள் ஒரு தனிச் சட்டம் இருந்தது.

"உவன் ஒரு நாளும் நேரத்துக்கு வீட்டை..." என்று ஒரு பெண் தொடங்குவார்.

"உவன் எண்டால் ஆர்?"

"உவன்தான் அம்மா, என்ரை புருசன்."

"எனக்கு உவனைத் தெரியாது. பிள்ளையின்ரை தகப்பன் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையின்ரை தகப்பன் என்ன செய்தவர்?"

ஆண்களுக்கும் அதே சட்டம். 'பிள்ளையின்ரை தாய்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பாதிப் பேருக்குக் கோபம் குறையும். மற்றப் பாதிப் பேருக்குக் கூடும். கூடினாலும் கதை ஒழுங்காக வரும்.

அவர் கேட்கும் வரிசையும் மாறாது. "முதலிலை பிள்ளை. பிறகு வளவு. கடைசியாத்தான் நீங்கள் ரெண்டு பேரும்" என்பார். பிள்ளை எத்தனை மணிக்கு எழும்பும், யார் சீப்பால் தலை இழுத்து விடுவது, எதைக் கண்டால் பயம், காய்ச்சல் வந்தால் யாரைத் தேடும் என்று ஒரு முழுத் தாள் நிரம்பும்வரை வீடு வளவைப் பற்றிப் பேச விடமாட்டார்.

வளவுக் கதை எங்கள் ஊரில் ஒரு தனி மாதிரி. வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதியதாக இருக்கும். அதனால் பிரியும்போது பையோடு வாசற் படலையைத் தாண்டுகிறவர் ஆண். ஆனால் அந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி பெண்ணுக்குப் புருசனின் கையெழுத்து வேண்டும். போனவர் அந்தக் கையெழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுவார். அப்படியான நேரத்தில் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்று அம்மா ஒரு வரியில் சொன்னதும், வந்த பெண்கள் கதிரையில் நிமிர்ந்து உட்காருவதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.

உரும்பிராய்ப் பக்கத்துச் சோடி ஒன்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். வீடு, தோட்டம், கிணறு எல்லாம் பெண்ணுடையவை. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் மட்டும் புருசன் வாங்கியது. பிரிந்த அன்றே அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். தோட்டத்தில் வெங்காயம் பாதி வளர்ச்சியில் நின்றது. நான் ஏதோ கடிதம் கொடுக்கப் போனபோது அந்தப் பெண், "அண்ணை, ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ, ரெண்டு நாளைக்குத் தரட்டாம்" என்றார். கேட்டேன். அவர் தந்தார். இரண்டு நாள் கழித்துத் தன் தோட்டத்துக்கு வேண்டும் என்றார். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இப்படியே மூன்று கிழமை. ஒருநாள் அம்மாவின் கார் எனக்குப் பின்னால் வந்து நின்றது.

"ராசன், நான் உம்மைக் கந்தோருக்கு வைச்சிருக்கிறனோ, கிணத்துக்கு வைச்சிருக்கிறனோ?"

அடுத்த நாள் அம்மா இருவரையும் கூப்பிட்டு, வெங்காயம் கிண்டும்வரை இயந்திரம் பெண்ணின் கிணற்றடியில் நிற்கும் என்று எழுதி வாங்கினார். என் முதுகு தப்பியது.

இனி இடம் பார்த்த விசயம். பெற்றோர் பிரிந்த பிறகு பிள்ளை ஒருவரோடு வளரும். மற்றவர் கிழமையில் ஒரு நாள் வந்து கூட்டிக்கொண்டு போவார். எங்கே, எத்தனை மணிக்குப் பிள்ளையைக் கொடுப்பது என்று நீதிமன்றத்தில் எழுத வேண்டும். வீட்டுப் படலையில் என்றால் சண்டை வரும். அதனால் பலர் பொலிஸ் நிலையம் என்று எழுதிவிடுவார்கள். அம்மா ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. "பிள்ளை என்ன களவே எடுத்தது?" என்பார்.

அதற்குப் பதிலாக என்னை அனுப்புவார். பிள்ளை எந்த நாளில், எந்த நேரத்தில் போகுமோ அதே நாளில், அதே நேரத்தில் நான் போக வேண்டும். தாய் வீட்டிலிருந்து ஒருதரம், தகப்பன் வீட்டிலிருந்து ஒருதரம். பஸ்ஸில் போகிற பிள்ளை என்றால் நானும் பஸ்ஸில். நிழல் இருக்கிறதா, இருக்க இடம் இருக்கிறதா, மலசலகூடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரருக்கும் அங்கே கடை இருக்கக் கூடாது. பிள்ளையோடு படிக்கிறவர்கள் போய்வருகிற ரியூசன் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் ஒரே பஸ் தரிப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்படியாகவும் இருக்கக் கூடாது.

நான் எழுதிக் கொடுப்பதில்லை. அம்மா கேட்பார், நான் சொல்வேன். கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

வாசுகியின் வழக்கு வந்தது ஒரு தை மாதத்தில். வாசுகி மருதனார்மடம் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண், சைவம். புருசன் அன்ரன் குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்கர். அவர் மருதனார்மடச் சந்தைக்கு லொறி ஓட்டிய காலத்தில் இருவரும் விரும்பிக் கலியாணம் செய்தார்கள். பிறகு அவர் குடிக்கத் தொடங்கினார். லொறி வேலையும் போனது. வாசுகி ஏழு வயது மகள் நிலானியைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அன்ரன் குருநகருக்குத் திரும்பி, ஒரு சம்மாட்டியின் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகத் தொடங்கினார். வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளியைத்தான் சம்மாட்டி என்போம்.

அம்மா வாசுகியின் பக்கம். விவாகரத்து வழக்கு முடிய நாளாகும். அதுவரை தகப்பன் மகளைப் பார்க்க ஓர் ஒழுங்கு வேண்டும். அதற்காக அன்ரனும் அவருடைய சட்டத்தரணியும் எங்கள் கந்தோருக்கு வந்திருந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு உள்ளே போனேன்.

"எந்த நாளெண்டாலும் பரவாயில்லை அம்மா, ஞாயிறு மட்டும் வேண்டாம்" என்றார் வாசுகி. "ஞாயிறு குடுத்தால் பிள்ளையைச் சேர்ச்சுப் பூசைக்குக் கொண்டுபோய் வேதக்காரியாக்கிப் போடுவினம்."

"அப்ப சனி. காலமை பத்து மணி" என்றார் அம்மா. "பிள்ளையின்ரை தகப்பனுக்குச் சரியோ?"

அன்ரன் தன் சட்டத்தரணியைப் பார்த்தார். பிறகு தட்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். வலைக் கயிறு இழுத்த தழும்பு இன்னும் என் கையில் கிடக்கிறது. "ஓம், சரி" என்றார். மறுத்தால் அந்த ஒரு நாளும் போய்விடும் என்ற பயம் அவர் குரலில் இருந்தது.

எனக்கு அப்போதே தெரியும். குருநகரில் சனி இரவு கடலுக்குப் போகமாட்டார்கள், ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு. வெள்ளி இரவு போன வள்ளம் சனி காலையில்தான் கரைக்கு வரும். தை மாதத்தில் ஏழு மணிக்கு வந்துவிடும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பினால் வலை எடுக்கவே நேரமாகி, கரை சேர மத்தியானமாகும். ஆனால் படித்தவர்கள் கூடிக் கதைக்கும் அறையில், தேநீர் கொண்டு வந்தவன் காற்றைப் பற்றிக் கதைப்பதா? தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இடமும் நான்தான் பார்த்தேன். நல்லூரில் ஓர் ஐஸ்கிறீம் கடை. மருதனார்மடத்திலிருந்து எவ்வளவு நேரம், குருநகரிலிருந்து எவ்வளவு நேரம் என்று நிமிடக் கணக்கில் சொன்னேன். வள்ளம் எப்போது வரும் என்று அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சித்திரை முடியும்வரை எல்லாம் நன்றாக நடந்தது. சோழகம் தொடங்கிய முதல் சனி அன்ரன் வர மிகவும் பிந்திவிட்டது. வாசுகி அதற்குள் பிள்ளையோடு போய்விட்டார். அடுத்த சனியும் அப்படியே. திங்கட்கிழமை வாசுகி கந்தோருக்கு வந்து கொதித்தார்.

"குடிச்சுப்போட்டு எங்கையேன் கிடந்திருப்பார், பிள்ளையின்ரை தகப்பன்!"

அந்தக் கோபத்திலும் அவர் அம்மாவின் சட்டத்தை மீறவில்லை. அன்ரனின் சட்டத்தரணி 'தொழில் காரணமாக' என்று ஒரு வரிக் கடிதம் அனுப்பியிருந்தார். லொறி ஓட்டிய காலத்திலும் இதே சாட்டுத்தான் என்றார் வாசுகி. மூன்றாவது சனி என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார் அம்மா.

கடைக்கு எதிரே மரத்தின் கீழ் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். நிலானி வாசலுக்குக் கிட்ட இருந்த கதிரையில் இருந்தாள். காலில் புதுச் சப்பாத்து. கடைக்காரர் "என்ன குடிக்கிறியள் பிள்ளை?" என்று கேட்டார். "அப்பா வந்தாப் பிறகு குடிக்கிறன்" என்றாள். மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்கும் போதெல்லாம் எழும்புவாள், பிறகு இருப்பாள். பதினொன்றரைக்கு வாசுகி அவள் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனார்.

நான் போகவில்லை. ஏனென்று கேட்டால், எனக்குத் தெரிந்த விசயம் என்னைப் போகவிடவில்லை. ஒரு மணிக்கு அன்ரன் ஓடி வந்தார். கையிலும் கழுத்திலும் உப்புக் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கடைக்காரரிடம் ஏதோ கேட்டார். மகள் இருந்த கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழும்பி நடந்தே போனார். நான் அவருக்குக் கிட்டப் போகவில்லை.

திங்கட்கிழமை அம்மா கேட்டார். "ராசன், பத்து மணிக்கு வந்தவரோ?"

"இல்லை அம்மா."

"பதினொண்டரைக்கு?"

"இல்லை அம்மா."

"சரி, போம்."

என் அந்த இரண்டு 'இல்லை'களை வைத்து மனு எழுதப்பட்டது. வழக்கு முடியும்வரை தகப்பன் பிள்ளையைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்ற மனு. அன்றைய நிலையில் அது ஒரு வருடத்துக்குக் குறையாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அதை நீதிமன்றத்தில் கொடுத்துவரச் சொல்லி என்னிடம் தந்தார்கள்.

வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. யன்னலுக்குள் இருந்தவர் "என்ன?" என்றார்.

"ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அம்மாவின் மேசையில் மனுவை வைத்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். சொல்ல வேண்டியதை மேசையைப் பார்த்தபடியே சொன்னேன். ஒரு மணிக்கு வந்ததை, உப்பை, சனிக் காலை வள்ளத்தை, சோழகத்தை. அம்மா மனுவைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒரு மணிக்குக் கண்டதை ஏன் திங்கட்கிழமை சொல்லேல்லை?"

"நீங்கள் பத்து மணிக்கு வந்தவரோ எண்டுதான் கேட்டனீங்கள்."

"நான் கேட்டது பிழை. நீர் சொல்லாமல் விட்டது அதைவிடப் பிழை." மனுவை மடித்து வைத்துவிட்டு, "உந்தச் சோழகம் எப்ப மட்டும் நிக்கும்?" என்றார்.

"புரட்டாதி மட்டும் அம்மா."

"இது உமக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?"

"பிறந்ததிலையிருந்து."

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். "நாங்கள் வாசுகியின்ரை ஆக்கள், ராசன். அன்ரனுக்காக வாதாட எனக்கு உரித்தில்லை. ஆனால் உண்மை இல்லாத தாளிலை என்ரை கையெழுத்தும் இருக்கேலாது." அப்போதே அன்ரனின் சட்டத்தரணிக்குத் தொலைபேசியில் பேசி, அவருடைய சம்மதத்தைக் கேட்டு வாங்கினார். அது இல்லாமல் மற்றப் பக்கத்து ஆளோடு கதைப்பது முறையல்ல. பிறகு வாசுகிக்கு எடுத்தார். "நாளைக்குப் பிள்ளையை வீட்டிலை விட்டிட்டு நீங்கள் மட்டும் வாங்கோ. நல்லூருக்கில்லை. குருநகருக்கு."

சனிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் மூவரும் குருநகர் இறங்குதுறையில் நின்றோம். அம்மா குடை பிடித்திருந்தார். காற்று அதைத் திருப்பித் திருப்பிப் போட்டது. மீன் விற்கும் பெண் ஒருவர், "லோயர் அம்மா, திருக்கை வேணுமோ, வழக்கு வேணுமோ?" என்றார். "ரெண்டும் கிடக்கு, நீர் விலையைச் சொல்லும்" என்றார் அம்மா. பதினொரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. சம்மாட்டி வந்து கடலைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு இன்னும் நேரம் செல்லும்" என்றார்.

"உங்கடை வள்ளத்திலை வாற ஆக்கள் குடிக்கிறவையோ?" என்று வாசுகி அவரை நேரே கேட்டார்.

"கரையிலை ஆர் என்ன செய்யினமோ தெரியாது பிள்ளை. குடிச்சவனை நான் வள்ளத்திலை ஏத்திறேல்லை. நாலு மாசமா அன்ரன் ஒரு நாள் தவறேல்லை."

பன்னிரண்டரைக்கு வள்ளம் தெரிந்தது. அது கரை தட்டுமுன்னே அன்ரன் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். மூடிய பிளாஸ்ரிக் வாளி ஒன்றைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தார். எங்களை அவர் கவனிக்கவில்லை. குழாயடியில் இரண்டு பேணி தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு, வாளியைத் திறந்து, மடித்து வைத்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓட வெளிக்கிட்டார். அப்போதுதான் வாசுகியைக் கண்டு நின்றார்.

"எங்கை ஓடுறியள்?"

"ஐஸ்கிறீம் கடைக்கு."

"இப்ப எத்தினை மணி?"

"தெரியும்."

"பிள்ளை அங்கை இல்லை."

"போன கிழமையும் இல்லை. எண்டாலும் போனனான். பதினொண்டரை மட்டும் இருந்தது எண்டு கடைக்காரர் சொன்னவர்."

"இப்பிடியெண்டு வாய் திறந்து சொல்லியிருக்கலாம்தானே?"

"நேரத்தை மாத்தக் கேட்டால் இருக்கிற நாளும் போயிடும் எண்டு பயந்தனான்."

வாசுகி கடலைப் பார்த்தார். பிறகு, "உந்தச் சேட்டு நான் வாங்கித் தந்தது. பொத்தானைப் பிழையாப் போட்டிருக்கிறியள்" என்றார்.

அம்மா ஒரே ஒரு சொல் சொன்னார். "ஞாயிறு?"

"பூசைக்குக் கொண்டுபோவார்" என்றார் வாசுகி, முன்னைய வேகம் இல்லாமல்.

"விடியப் பூசைக்கு நான் தனியப் போட்டு வந்திடுவன்" என்றார் அன்ரன். "ஒன்பதரைக்குக் கடையிலை நிப்பன். எங்கை கும்பிடுறது எண்டு அவள் வளந்து தானே சொல்லட்டும்."

வாசுகி யோசித்தார். "மீன் குழம்பு குடுக்கலாம்" என்றார் கடைசியில். "முள்ளைப் பாத்து எடுத்துப்போட்டுக் குடுங்கோ."

அடுத்த வழக்கு நாளில் இரு பக்கத்துச் சம்மதத்தோடும் சனி பத்து மணி என்பது ஞாயிறு ஒன்பதரை என்று மாறியது. அவர்கள் திரும்பச் சேரவில்லை. விவாகரத்து உரிய காலத்தில் கிடைத்தது. சேர்த்து வைப்பது எங்கள் வேலையும் அல்ல.

முதல் ஞாயிறு நான் அதே மரத்தின் கீழ் நின்றேன். அன்ரன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். ஒன்பதரைக்கு வாசுகியும் நிலானியும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். பிள்ளை ஓடிப்போய்த் தகப்பனைக் கட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. கடை வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் மூண்டு சனி இதிலை இருந்தனான்" என்றாள், கதிரையைக் காட்டி. "இப்ப நீங்கள் இருங்கோ."

"எவ்வளவு நேரம் பிள்ளை?"

"நான் சொல்லுமட்டும்."

அன்ரன் இருந்தார். நிலானி தாயின் கையைப் பிடித்தபடி படியில் நின்று, கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கால் மணி போனது. அரை மணி போனது. வாசுகி ஒருதரம் "இனிக் காணும் பிள்ளை, விடு" என்றார். "காணாது" என்றாள். மோட்டர் சைக்கிள் ஒன்று வாசலில் வந்து நின்றபோது வழிவிட அன்ரன் தன்னை அறியாமல் எழும்பினார். "எழும்பக் கூடாது" என்றாள். வாசுகி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பத்தே காலுக்கு நிலானி தாயின் கையை விட்டாள். உள்ளே போய் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் ஏறி இருந்து, "இப்ப குடிப்பம்" என்றாள்.

திங்கட்கிழமை அம்மா கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "ஒன்பதரைக்கு வந்தவரோ?"

"ஒன்பது மணிக்கே வந்திட்டார் அம்மா."

"நல்லது." எழுதத் தொடங்கினார். நான் போகாமல் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் கேக்காத ஒண்டு இருக்கம்மா."

சொன்னேன். கதிரை, மணிக்கூடு, எழும்பக் கூடாது என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்தது அன்றுதான். அம்மா பேனையை வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"உதை எழுதினால், பிள்ளையை முக்கால் மணித்தியாலம் பிந்திக் குடுத்தது எண்டு மற்றப் பக்கத்து லோயர் எங்களிலை குற்றம் பிடிப்பார்" என்றார். பிறகு பேனையை எடுத்தார்.

"நான் ஒன்பதரை எண்டு போடுறன் ராசன். மிச்சத்தை நீரும் நானும் வைச்சிருப்பம்."